சகலையின் படத்தில் கறுப்பாக ஒரு கட்டம்

"அவன் ஒரு போன் போட்டா பதினேழு நாடு எழுந்து உக்காருதாம். நான் போட்டா என் பொண்டாட்டிகூட எடுக்க மாட்டேங்குறா."

பேரிடர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், ஈர பூட்ஸுகள் காயும் அறையில், நாடா இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் பூட்ஸுகளிடம் சொல்வார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. இடுப்பில் எந்நேரமும் ஓர் அளவு நாடா செருகியிருப்பார்; பெயரும் அதுவாகவே போனது. சினிமாவுக்குப் போனாலும் முன் இருக்கைக்கும் தன் முழங்காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்துவிட்டுத்தான் உட்கார்வார். பெண்டாட்டி வேறு யாரோ போல இரண்டு இருக்கை தள்ளி உட்கார்வாள்.

"அவன்" என்பது அதே அலுவலகத்தின் மேல்மாடியில் இருப்பவன். நாடாவுக்குச் சகலை. அக்காவைக் கட்டியவர் நாடா, தங்கையைக் கட்டியவன் அவன். வெள்ளமோ புயலோ வந்தால் செயற்கைக்கோள் படங்களை வரவழைப்பது அவன் வேலை. மேலே இருந்து எடுத்த படத்தை மேலேயே உட்கார்ந்து பார்க்கிறானே என்று நாடாதான் ஒருநாள் அவனுக்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்தார். கிண்டலுக்கு வைத்தது பட்டமாக ஒட்டிக்கொண்டது. பெரிய அதிகாரி மேடமே "மேலிடத்தைக் கூப்பிடுங்க" என்கிறார். தன் கையாலேயே அவனுக்குக் கிரீடம் வைத்துவிட்டோமே என்று அதற்கும் ஒரு வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். பல நாடுகள் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. எந்த ஊர் மூழ்கினாலும், அந்த நேரம் யாருடைய செயற்கைக்கோள் அதன் தலைக்கு மேல் வருகிறதோ, அவர்கள் இலவசமாகப் படம் எடுத்துத் தருவார்கள். இன்னொரு நாட்டில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, தண்ணீர் எது தரை எது என்று வரைபடம் போட்டு அனுப்புவார்கள். ஆனால் கண்டவர் கேட்டால் கிடைக்காது. பெயர் பதிந்த ஓர் ஆள்தான் கேட்க வேண்டும். கேட்டதும் எங்கோ முறைவேலையில் விழித்திருக்கும் ஒருவர் திரும்பக் கூப்பிட்டு, பேசியது அந்த ஆள்தானா என்று உறுதி செய்துகொள்வார்.

"நீதானா நீன்னு கேக்க அவனுக்கு வெளிநாட்டுல ஆளு இருக்கு. என்னைத் தெருநாய்கூட மோந்து பாக்குறதில்ல" என்பார் நாடா.

அவருடைய வேலை படம் வந்த பிறகு தொடங்கும். சகலை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்துக் கொடுப்பான். நாடா அந்தந்த இடத்துக்கு நேரில் போய், படம் சொல்வது உண்மைதானா என்று பார்த்து, தண்ணீரின் ஆழத்தை அளந்து, புகைப்படம் எடுத்து வர வேண்டும். எந்த இடத்தில் எப்போது எடுத்தது என்பதும் படத்தோடு தானாகப் பதியும். வானத்தில் பார்த்ததையும் தரையில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட அந்த நேரம் தேவை.

இதையெல்லாம்கூட நாடா பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது மாமனார் வீட்டு நாற்காலி. அந்த வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. சின்ன மாப்பிள்ளை வரும்வரை அதில் நாடாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. இப்போது வாசலில் கால் வைத்ததுமே மாமனார் ஆரம்பித்துவிடுவார்.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. சின்னவர் நாள் முழுக்க வெளிநாட்டுக்காரங்களோட பேசிட்டு வந்திருக்காரு. முதுகு வலிக்கும்."

பேசினால் வாய்தானே வலிக்கும் என்று நாடா கேட்டதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த தன் முதுகைப் பற்றியும் மூச்சு விட்டதில்லை. இதில் பெரிய கொடுமை, சகலை உடனே எழுந்து, "அண்ணே, நீங்க உக்காருங்க" என்பான். அதையும் மனசாரச் சொல்வான். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அந்தக் கொடுப்பினைகூட நாடாவுக்கு இல்லை.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த காலையில், மேகம் ஊரை மூடிப் படுத்திருந்தது. மேகத்தையும் தாண்டிப் பார்க்கும் ரேடார் படம் ஒரு நாட்டிலிருந்து வந்திருந்தது. தண்ணீரெல்லாம் அதில் கறுப்பு. சகலை புள்ளி வைத்த தாளை நீட்டினான். கண் சிவந்திருந்தது, சட்டை கசங்கியிருந்தது.

"அண்ணே, கடைசிப் புள்ளி சரக்குக் கிடங்கு. அது மேடான இடம், ஆனா படத்துல கட்டமா கறுப்பு காட்டுது. எனக்குச் சந்தேகமா இருக்கு. இப்போதைக்கு சனத்தை ஏத்திட்டு வர்ற லாரியெல்லாம் அந்தப் பக்கம் போக வேணாம், கல்லூரி மண்டபத்துக்குப் போகட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க பாத்த உடனே எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுருங்க."

"உத்தரவு, மேலிடம்."

சகலை சிரித்தான். நாடா சிரிக்கவில்லை. எனக்கே உத்தரவு போடுகிறான் என்பது மட்டும் பூட்ஸுக்குள் புகுந்த கல் மாதிரி வழியெல்லாம் உறுத்தியது.

முதல் புள்ளி சரி. இரண்டாவது சரி. ஒரு சந்தில் முடிதிருத்தும் கடையோடு தண்ணீர் நின்றுவிடும் என்று வரைபடம் சொன்னது. போய்ப் பார்த்தால், அந்தக் கடையின் இரண்டாம் படியில் வெள்ளம் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்கூட அவன் பக்கம்! புள்ளிகள் சரியாகச் சரியாக, நாடாவின் முகம் வாடிக்கொண்டே போனது. ஊர் மூழ்கியதற்காக முகம் வாடியவர்களுக்கு நடுவில் நடந்ததால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

மத்தியானம் கிடங்கை அடைந்தார். வாயிற்கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டார். கண்ணுக்கெட்டும் தூரம் சிமெண்டுத் தளம். புதிதாகப் பூசி இழைத்தது, மொட்டைத்தலை மாதிரி வழுவழுவென்று இருந்தது. மழையில் நனைந்து மினுங்கியதே தவிர, செருப்பு நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் தேங்கவில்லை. அந்தப் பக்கம் கூரை போட்ட இரண்டு பெரிய கொட்டகைகள். வாசலில் காவலாளி கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க தண்ணி வரலையா?" என்றார் நாடா. குரலில் இருந்த ஆசையைக் கேட்டுக் காவலாளி கொஞ்சம் பயந்தே போனார்.

"வரலையே சார். ரெண்டு கொட்டகையும் காலியாத்தான் கிடக்கு. ஒரு தெரு சனத்தையே படுக்க வைக்கலாம். ஆனா வந்த லாரியெல்லாம் அந்த மூலையிலேயே திரும்பிப் போகுது. எந்த நம்பருக்குப் பேசணும்னு சொன்னீங்கன்னா நானே சொல்லிடுறேன்."

"நீங்க எதுக்கு? நானே சொல்லிக்கிறேன்."

"சீக்கிரம் சொல்லிடுங்க சார். பாவம், புள்ளகுட்டியோட நனைஞ்சிட்டுப் போறாங்க."

"சொல்றேன், சொல்றேன்."

நாடா தளத்தை அளந்தார். தேவையில்லை, ஆனாலும் அளந்தார். தளத்தில் நிற்கும் பூட்ஸ் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், அளவு நாடாவைத் தரையில் விரித்து ஒரு படம், கொட்டகையின் உள்ளே ஒரு படம். உள்ளுக்குள் மேளம் அடித்தது. பதினேழு நாடு பார்த்தும் தப்பு. இப்போது போன் போட்டால் என்ன ஆகும்? 'நன்றி அண்ணே' என்று சொல்லிவிட்டு அவன் சத்தமில்லாமல் திருத்திவிடுவான். தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மேல்மாடியில் கூட்டம் இருக்கிறது. மேடம் இருப்பார், பெரிய திரையில் வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள். அங்கே வைத்துச் சொன்னால்?

"உக்காருங்க சார், நின்னுட்டே இருக்கீங்க" என்று காவலாளி எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, கொட்டகைப் பூட்டுகளைத் திறந்து வைக்கப் போனார். நாடா உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் வைத்தார். எவ்வளவு நாளாயிற்று. அப்படியே சாயங்காலப் பேச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

போன் அடித்தது. அதிசயமாகப் பெண்டாட்டி. ஒத்திகையின் முக்கியமான கட்டத்தில் இருந்ததால் துண்டித்தார். மறுபடி அடித்தாள், மறுபடி துண்டித்தார். பிறகு சகலை. அதைத் துண்டிக்கவில்லை. முழுசாக அடித்து ஓயட்டும் என்று பையில் போட்டுவிட்டு, ஓயும்வரை ரசித்துக் கேட்டார்.

சாயங்காலம் மேல்மாடி அறையில் திரை ஒளிர்ந்தது. வரைபடம் போட்ட நாட்டிலிருந்து ஓர் அம்மாள், தலை கலைந்து, கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது போல. நடப்பது எல்லாம் ஆங்கிலத்தில். நாடாவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி எஸ், மீதி நோ.

தன் முறை வந்ததும் எழுந்து, பூட்ஸ் படத்தைத் திரையில் போடச் சொன்னார்.

"மேடம், இதுதான் நம்ம மேலிடம் தண்ணின்னு சொன்ன இடம். எங்கயாவது தண்ணி தெரியுதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஒத்திகையில் இந்த இடத்தில் அறையே அதிர்ந்தது. நிஜத்தில் யாரும் அதிரவில்லை. மேடம் போனை எடுத்து, "லாரியெல்லாம் கிடங்குக்குத் திருப்புங்க, உடனே" என்றார். திரையில் இருந்த அம்மாள் தலையாட்டி ஏதோ சொன்னார். சகலை தமிழில் சொன்னான்: "வழுவழுப்பான தரை ரேடாருக்குத் தண்ணி மாதிரியேதான் தெரியுமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நேர்ல ஆள் வேணுங்குறாங்க. உங்களுக்கு நன்றி சொல்றாங்க, அண்ணே."

நன்றியா? நாடா வாளை ஓங்கிக்கொண்டு போனால், எதிரி மாலையைப் போடுகிறான்.

மேடத்தின் போனில் ஓட்டுநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கல்லூரி மண்டபத்துக்குப் போற வழியில, மத்தியானத்துல இருந்து உடைஞ்ச ரோட்டுல நிக்கிறோம் மேடம். முன்னாடி போக முடியல. எல்லாரும் தொப்பலா நனைஞ்சிட்டாங்க."

சகலை குனிந்து காதில் சொன்னான்: "அண்ணே, அக்கா அந்த லாரியிலதான் இருக்காங்க. மாமா, அத்தை எல்லாரும். உங்க தெருவுலயும் மாமா தெருவுலயும் மத்தியானம் தண்ணி ஏறிடுச்சு. சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நாடா போனை எடுத்துப் பார்த்தார்; பெண்டாட்டியின் இரண்டு அழைப்பும் அப்படியே இருந்தன.

திரையில் இருந்த அம்மாள் சாதாரணமாக ஏதோ கேட்டார். புகைப்படம் எடுத்த நேரம் வேண்டுமாம், வரைபடத்தில் குறிக்க. சகலை படத்தின் ஓரத்தைப் பார்த்தான். மத்தியானம் என்று பளிச்சென்று இருந்தது. அறையில் எல்லோரும் பார்த்தார்கள். மேடம் மெதுவாகத் திரும்பினார்.

"மத்தியானமே பாத்துட்டீங்களா? ஏன் சொல்லல?"

நாடா வாயைத் திறக்குமுன் சகலை முந்திக்கொண்டான். "கிடங்குப் பக்கம் நெட்வொர்க் இருக்காது மேடம். நான்கூட முயற்சி பண்ணேன், போகல." அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். திரையில் இருந்த அம்மாள் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்.

போன் முழுசாக அடித்து ஓய்ந்தது சகலைக்குத் தெரியாதா என்ன. தெரிந்தேதான் தன் பெயரை இவருக்காக அடகு வைக்கிறான். நாடாவுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அடுத்த மூச்சில் கணக்குப் பார்த்தார். படிப்பில் அவன், பதவியில் அவன், நாற்காலியில் அவன். இப்போது பெருந்தன்மையிலும் அவனா? ஆயுள் முழுக்க இந்தக் கடனைச் சுமந்துகொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டுமா? செத்தாலும் முடியாது.

எழுந்து திரையைப் பார்த்தே சொன்னார்.

"நோ."

அம்மாள் நிமிர்ந்தார்.

"நெட்வொர்க்... எஸ்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான் டெல்... நோ."

அவர் ஆங்கிலம் முழுவதும் அதோடு தீர்ந்துவிட்டது. மீதியை மேடத்திடம் தமிழில் சொன்னார். "என் பொண்டாட்டியே ரெண்டு தடவ கூப்பிட்டா மேடம். இவனும் கூப்பிட்டான். நான்தான் எடுக்கல. எல்லார் முன்னாடியும் இவன் மூக்கை உடைக்கணும்னு சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தேன்."

 திரையில் இருந்த அம்மாள், இப்போதும் அங்கே தண்ணீர் இல்லையா என்று கேட்டதைச் சகலை தமிழில் சொன்னான். "எஸ்" என்றார் நாடா. அம்மாள் குனிந்து அந்தக் கறுப்புக் கட்டத்தை அழிக்கத் தொடங்கினார்.

"இதை நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மேடம். "இப்ப போய் லாரியில இருந்து ஆளுங்கள இறக்குங்க. அடுத்த தடவ பாத்த நிமிஷமே போன் வரணும். இல்லன்னா அந்த நாடாவை என் மேசையில வச்சிட்டு வீட்டுக்குப் போயிடுங்க."

லாரி வந்தபோது கிடங்கு வாசலில் நாடாவும் நின்றார், சகலையும் நின்றான். முதலில் மாமனார் இறங்கினார், பிறகு மாமியார், கடைசியில் பெண்டாட்டி, முந்தானையைப் பிழிந்துகொண்டே.

"போன் பண்ணேன்" என்றாள்.

"தெரியும்."

"கட் பண்ணீங்க."

"ஆமா. அப்ப நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்." மீதியையும் சொன்னார். நடுவில் சகலை ஏதோ சொல்ல வந்தான்; "நீ சும்மா இரு, இது என்னோடது" என்று அடக்கினார்.

மாமனாருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பழக்கதோஷத்தில் நாற்காலியைக் காட்டி, "சின்ன மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க, முதுகு வலிக்கும்" என்றார்.

"வேணாம் மாமா, அண்ணன் உக்காரட்டும்" என்றான் சகலை.

இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து அவள் போய் அதில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் வைத்து, ஈரக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அளந்தது போதும். போய் மூட்டைய இறக்குங்க. ரெண்டு பேரும்தான்."

சகலை ஒரு மூட்டையைத் தூக்கினான். அதைப் பார்த்து நாடா இரண்டைத் தூக்கினார். திரும்பி வந்து பார்த்தால் சகலையும் இரண்டு வைத்திருந்தான். நாடா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் தோளில் ஏற்றினார். அன்றைக்கு வந்த லாரிகளிலேயே சீக்கிரம் காலியானது அந்த லாரிதான்.