என்னைப் பற்றி மூன்று கேள்விகள்

இருபது வருடங்களுக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பிழைத்து வருகிறேன். இதனால் என்னை அறிவாளி என்று நம்புகிறவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் இரண்டாவது முயற்சியில் தேறியவன் நான். விடைகள் எல்லாம் கையிலிருக்கும் அட்டையில் அச்சாகி வந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தபோது, ஷிஃப்ட் முடிந்ததும் எந்த பஸ் எந்த ஊருக்கு என்று மைக்கில் சொல்வேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மற்றதெல்லாம் அதன் பிறகு வந்தது.

போன வருடம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் குடும்ப விழாவுக்கு வினாடி வினா நடத்தப் போனேன். மனைவியும் வந்திருந்தாள். ஏற்பாடு செய்த சூப்பர்வைசர் வடக்குப்பட்டுக்காரர். மேடைக்குப் பின்னால் வந்து சொன்னார்:

“சார், கடைசி ரவுண்டு உங்களப் பத்திதான். எங்க லைன்ல ஒரு பொண்ணு கீது. உங்க ப்ரோக்ராம ஒண்ணு வுடாம பாத்துக்கீது. நீங்களும் அதுவும் மோதுறீங்க.”

“என்னைப் பத்தி எனக்குத் தெரியாததா?” என்று சிரித்தேன்.

வந்தது தென்காசிப் பக்கத்துப் பெண். சேரப்பணஞ்சேரியில் வாடகை அறையில் தோழிகளோடு இருப்பவள். இருபத்தைந்து வயதிருக்கும். முதல் கேள்வி: இப்போதைய சேனலில் என் முதல் நிகழ்ச்சியில் நான் போட்டிருந்த சட்டை என்ன நிறம்?

“நீலம்,” என்றேன்.

“இல்ல ஸார். காப்பிக் கலர்ல கட்டம் போட்டது. காலர்ல ஊக்கு குத்தியிருந்தீய.”

திரையில் பழைய காட்சியை ஓட்டினார்கள். ஊக்கு பளபளத்தது.

எனக்குப் பிடிக்காத காய் எது என்றார்கள். அப்படி எதுவுமில்லை என்றேன். அவள் பாகற்காய் என்றாள். முன்வரிசையில் என் மனைவி கைதட்டினாள். மூன்றாவது, மேடையில் எத்தனை முறை அழுதேன் என்பது. ஒரு முறை என்றேன். இரண்டு என்றாள், இரண்டாவது காட்சியையும் போட்டுக் காட்டினார்கள். பரிசு மிக்ஸி அவளுக்குப் போனது.

“ஏம்மா, அப்படியென்ன என் மேல அபிமானம்?” என்று மைக்கிலேயே கேட்டேன்.

“அபிமானம்லாம் இல்ல ஸார். எங்க வீட்டு டிவில ரிமோட் கெட்டுப்போச்சு. உங்க சேனல் மட்டுந்தான் வரும்.”

அரங்கம் அதிர்ந்தது. அத்தனை பேரில் அதிகம் சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு கேன்டீனில் பிரியாணி சாப்பிடும்போது அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கணும் ஸார். ஒருத்தர் சொன்னது தப்புன்னு சொல்லும்போது மட்டும் அவுக முகத்தப் பாக்காம அட்டையப் பாக்கீயளே, எதுக்கு?”

நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

“முகத்தைப் பார்த்தா என்னால சொல்ல முடியாதும்மா.”

“சும்மா பாத்தே சொல்லுங்க. தோத்தவுகளுக்கு அதான் நல்லாருக்கும்,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த படப்பிடிப்பில் ஒரு பள்ளி ஆசிரியர் கடைசிக் கேள்வியில் தவறினார். அவர் கண்களைப் பார்த்து, “தப்புங்க ஐயா,” என்றேன். குரல் லேசாகக் கம்மியது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “விடுங்க சார். எனக்கே டவுட்டாத்தான் இருந்துச்சு.”