மல்லித் தண்ணீரோடு நெடுங்கேணிக்கு

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேரப்பிள்ளை கண்ட மனிதன் பஸ்சுக்குப் பயந்தான் என்றால் யாரும் சிரிப்பார்கள்தானே. ஆனாலும் என்னைப்போல் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வீட்டோடு முடங்கியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மகன் கல்யாணம் கட்டிப் போன இடம் நெடுங்கேணி. இந்தப் பதகளிப்பால் நான் அங்கே ஒருநாளும் போனதில்லை. அவனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பேர் வைக்கிற சடங்கு. "நீங்கள் வந்துதான் பிள்ளைக்குப் பேர் கூப்பிடவேணும், அப்பா" என்று போனில் சொல்லிவிட்டான்.

காலை ஆறரைக்குக் கண்டாவளையிலிருந்து ஓட்டோவில் பரந்தன் சந்தி. ஏழு மணிக்கு வவுனியா பஸ். மனைவி ஒரு சுடுதண்ணிப் போத்தலை என் கையில் தந்தாள். "மல்லித் தண்ணி. மனசை அமத்துமாம்." கிளிநொச்சி தாண்டுமுன் அரைவாசி குடித்துவிட்டேன். நெஞ்சு அமரவில்லை, எரிந்தது. வியர்த்துக் கொட்டியது.

முறிகண்டியில் எல்லா வாகனங்களையும்போல் எங்கள் பஸ்சும் நின்றது. தேங்காய் உடைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். பிறகு மனைவியிடம், "நீ போ. நான் வீட்டை திரும்புறன்" என்றேன்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பானெல்லே" என்றாள், அழாக்குறையாக.

எங்கள் பஸ்சில் வந்த நெடுங்கேணி அக்கா ஒருவர் பக்கத்தில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றார். எங்கள் போத்தலின் மணம் அவருக்கு எட்டிவிட்டது.

"ஐயாவுக்குத் தடிமனோ?"

"இல்லையக்கா, நெஞ்சுப் படபடப்பு. மல்லி நல்லமெண்டு சொல்லிச்சினம்" என்றாள் மனைவி.

"அதுக்கு மிளகும் வேர்க்கொம்பும் போட்டு, வறுத்தோ அவிச்சனீர்? பயந்த மனுசனைத் தூக்கி நெருப்பிலையெல்லோ போட்டிருக்கிறீர், தங்கச்சி!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பகுதி வீடுகளில் மிளகும் சுக்கும் போட்டு மல்லி அவிப்பது தடிமன், சளிக்குத்தான். அந்தக் கைப்பழக்கத்திலேயே எனக்கும் அவித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு முட்டிய மூச்சும் கொஞ்சம் இறங்கியது.

அக்கா தன் போத்தலை நீட்டினார். வறுக்காத மல்லியை ஒன்றிரண்டாக இடித்து, இரவே பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, விடிய வடித்தது. குளிர்மையாக இருந்தது. "எனக்கும் உந்த வருத்தந்தான், ஐயா. கிளினிக் குளிசையும் போடுறனான், இதையும் குடிக்கிறனான். ஆறுதலாக் குடியுங்கோ."

கொண்டக்டர் கத்தினார்: "ஐயா, ஏறுறியளோ, இல்லாட்டி இஞ்சையே கச்சான் கடை போடப்போறியளோ?"

ஏறினேன். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம். அங்கே பஸ் மாறிக் காட்டுவழி. அக்கா தன் உளுந்துச் செய்கையையும் குரங்குகளின் அநியாயத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் மிடறு மிடறாகக் குடித்தேன். படபடப்பு ஒருதரம் வந்தது. வந்தபடியே போய்விட்டது.

பத்தரைக்கு நெடுங்கேணி. மகன் சந்தையடியில் நின்றான். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தான். பேத்தியின் காதில் பேரை மூன்றுதரம் கூப்பிட்டேன். அவள் கொட்டாவி விட்டாள்.

இப்போது அவள் முன்பள்ளிக்குப் போகிறாள். நானும் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறேன், பஸ்சிலேயே போகிறேன். என்னை ஆற்றியது மல்லியா, அக்காவின் கதையா, முறிகண்டியானா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. இதை யாருக்காவது சொல்வதானால், மிளகைக் கூட்டாமலும் குளிசையைக் கழிக்காமலும், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.