அந்த ஒரே ஓர் ஓட்டு

போலந்தின் மேற்கு எல்லையில் பிறந்த இர்மினா, கிழக்குக் கோடியில் வாழ்க்கைப்பட்டாள். பிறந்த ஊரில் நகரத்துக் கட்சி சும்மா நின்றாலே ஜெயிக்கும். புகுந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் நாய்கூடக் குரைக்கும். கம்யூனிஸ்டுகள் போய் ஓட்டு நிஜமான ஓட்டாக ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

வந்த இடத்தில் எதற்கு வம்பென்று இர்மினா முதல் தேர்தலிலிருந்தே ஊர் போடும் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாள். ஆனாலும் ஓட்டுச் சாவடியான தீயணைப்புக் கொட்டகைக் கதவில் ஊர் முடிவை ஒட்டும்போதெல்லாம் நகரத்துக் கட்சிக்கு நேராக ஒன்று என்றிருக்கும். ஊரே அவளைத் திரும்பிப் பார்க்கும்.

"மேற்கத்திக் காத்து, என்ன பண்றது!" என்று எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவன் அவள் புருஷன் ஸெனோன்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அறுவடைத் திருவிழாவுக்கு மகளிர் குழு முட்டைக்கோஸ் கொழுக்கட்டை பிடிக்கும்போது அவளை மாவில் கைவைக்க விடமாட்டார்கள். பாத்திரம் கழுவத்தான் அவள். அதில்தான் அவளுக்கு வயிறெரிந்தது.

இந்தத் தேர்தலன்று சாவடி திறக்கும் முன்பே எதிர் பெஞ்சில் ஒரு கூடை கோஸோடு உட்கார்ந்துவிட்டாள். கதவு சாத்தும்வரை நறுக்கித் தள்ளினாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்த மகளிர் குழுத் தலைவி ரோஜாலியா நின்று பார்த்தாள்.

"ஏண்டி, ஓட்டுப் போடலையா?"

"போடலக்கா. போடலைங்கிறத நல்லாப் பாத்துக்கங்க."

மறுநாள் கதவில் முடிவு வந்தது. நகரத்துக் கட்சி: ஒன்று.

"அடிப்பாவி, அப்ப நீ இல்லையா!" என்றாள் ரோஜாலியா. "சனிக்கிழமை மாவு பிசைய வந்துரு."

பின்னே யார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஸெனோன் மட்டும் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். இர்மினாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"நீதானா அது?"

"கத்தாத, யாருக்காவது கேக்கப்போவுது."

"இத்தனை வருஷமா என்னைப் பாத்திரம் தேய்க்க விட்டுட்டுப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னியே! கல்யாணத்துக்கு முன்னாடியும் அவங்களுக்குத்தான் போட்டியா?"

"அப்ப எப்படிப் போடறது? மாட்டிக்க மாட்டேனா? நீ வந்தப்புறம்தானே எனக்குத் தைரியமே வந்துச்சு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவனுக்குக் காட்டவில்லை.

"சரி. அடுத்த தேர்தல்ல நானும் அவங்களுக்கே போடறேன். ஊரறியச் சொல்லிட்டே போடறேன். மாவு போனாப் போகுது. கதவுல ரெண்டுன்னு ஒட்டுவாங்கல்ல? ஒண்ணு என்னுது. இன்னொண்ணு யாருதுன்னு கேப்பாங்க. அப்ப சிரி, பாக்கலாம்."

ஸெனோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.