பி என்று எழுதியிருந்த டிஸ்க்

என் தங்கையின் கணவர் செயற்கைக் கண் செய்பவர். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மீதியிருக்கும் கண்ணைப் பார்த்துப் பார்த்து, கடினமான பிளாஸ்டிக் வில்லை ஒன்றில் அதே நிறத்தை என் மாப்பிள்ளை வரைவார். அவருடைய பட்டறை வீட்டின் முன்னறைதான். பதினோரு அடிக்கு ஒன்பது அடி, வடக்கே ஒரு ஜன்னல். இருபத்தேழு வயதில் தொடங்கிய வேலை, இப்போது ஐம்பத்தெட்டு. கடைசிப் பத்தொன்பது ஆண்டுகளில் செய்த அறுநூற்றுப் பன்னிரண்டு கண்களுக்குப் படமும் நிறக் கலவைக் குறிப்பும் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதற்கு முந்தியவற்றுக்குக் குறிப்பு கிடையாது. அது எனக்கு ஒரு குறைதான். நான் குடிநீர் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் மணிக்கொரு முறை தொட்டியின் மட்டத்தைப் பதிவேட்டில் எழுதியவன்.

மாப்பிள்ளை பயந்த சுபாவம். லிஃப்டில் ஏறமாட்டார். தொலைபேசி மணி அடித்தால் முதலில் தங்கையின் முகத்தைத்தான் பார்ப்பார். எதையும் ஒன்றாக வாங்கமாட்டார். குடை இரண்டு, மூக்குக் கண்ணாடி இரண்டு, ஒரே நிறத்தில் ஒரே அளவில் செருப்பு இரண்டு ஜோடி. தெருவில் அவருக்கு ‘டபுள்’ என்று பெயர். “நல்ல வேளை, பொண்டாட்டிய மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டார்” என்பாள் தங்கை. அவர் அதற்கும் சிரிக்கமாட்டார், யோசிப்பார்.

அந்த மாதம் பழைய கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. புதிது ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியோடு அவர் கடிதம் அனுப்பிப் பெறும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். நிறம் கலக்கும் மென்பொருள் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில்தான் ஓடும். ஆகவே ஒரே பெட்டியில் இரண்டும் இருக்க வேண்டும், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று அது கேட்க வேண்டும். விண்டோஸ் பெட்டியோடு வந்த சின்ன டிஸ்கிலேயே இருந்தது. கூடவே மாப்பிள்ளை பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினார். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் கண்கள். வழக்கம்போல் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. கடைக்காரரிடம் இரண்டையும் ஒரே மாதிரி தயார் செய்து தரவும் சொல்லியிருந்தார்.

காலி டிஸ்கைப் பொருத்திய பெட்டி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. மற்றது கடையிலேயே இருந்தது. பழைய டிஸ்கிலிருந்து படங்கள் எல்லாவற்றையும் கடைக்காரர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றி முடித்த மறுநாள் காலையில் பழைய டிஸ்க் சுழலவே இல்லை. கடைக்காரர் இதைத் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னாராம். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாகத் தங்கை சொன்னாள். அறுநூற்றுப் பன்னிரண்டு கண்களும் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன. எதிலும் இரண்டு வைத்திருப்பவரிடம் இது மட்டும் ஒன்றாகிவிட்டது. இன்னொரு பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டதற்கு, லினக்ஸைப் போட்டதும் நீங்களே ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

இதில் ஓர் அவசரமும் இருந்தது. வியாழக்கிழமை ஒரு தையல்கார அம்மா வரவிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவருக்கு இடது கண் செய்து கொடுத்தவர் மாப்பிள்ளைதான். இந்த ஆண்டு ஒரு விபத்தில் வலது கண்ணும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அவசரத்தில் பழைய செயற்கைக் கண்ணும் எங்கோ தொலைந்தது. இரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். பார்த்து வரைய எதிரில் கண் கிடையாது, டிஸ்கில் உள்ள படம்தான். நிறம் மாறக்கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “எனக்குத் தெரியப்போறதில்ல. ஆனா வீட்ல இருக்கிறவங்களுக்கு நான் நானா இருக்கணும்ல” என்றாராம். இதை எனக்குச் சொன்னபோது மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் அவரும் இருபத்து மூன்று படிகளாக ஒரு பட்டியல் எழுதினோம். லினக்ஸைப் பென் டிரைவில் இறக்கியதும் அது பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரிசை உண்டு. தங்கை திரையிலிருந்து வாசித்தாள், நான் தாளில் டிக் செய்தேன். முடிந்ததும் கடைசியிலிருந்து முன்னால் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். “அடுத்து தலைகீழா நின்னு வாசிக்கவா?” என்றாள் அவள். ஆனாலும் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலையே ஓர் ஒத்திகை பார்த்தோம். பென் டிரைவிலிருந்து தொடங்கி, எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்கும் இடம் வரைக்கும் போய், எதையும் தொடாமல் திரும்பி வந்தோம். லினக்ஸ் ஏறும் டிஸ்கில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திரையில் ஏ என்று சின்ன டிஸ்க், பி என்று பெரிய டிஸ்க். நான் நோட்டில் எழுதினேன்: ‘பி – காலி. இதில் போடலாம். வெள்ளி, மாலை 5.40.’ கீழே இரண்டு கோடு போட்டேன்.

சனிக்கிழமை கடைக்காரர் படங்கள் உள்ள டிஸ்கைக் கொண்டுவந்து உள்ளே பொருத்தினார். விண்டோஸை ஆன் செய்து காட்டினார். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கலாமா என்று. அதை மூடினால் இன்னொரு முறை அதே கேள்வி. லினக்ஸ் முறையில் தயாரித்த டிஸ்க் விண்டோஸுக்குப் புரியாது, வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று கடைக்காரர் விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் மாப்பிள்ளை சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். நோட்டு என் மடியில். பதினேழாவது படி வரைக்கும் எழுதியபடியே நடந்தது. டிஸ்க் பட்டியல் வந்தது. ஏ, சின்னது. பி, பெரியது. சி, பெரியது. பி-யும் சி-யும் ஒரே பெயர், ஒரே அளவு, ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

பி-யில் போடலாம் என்று நான் வாசித்தேன். அவர் அம்புக்குறியைப் பி-க்கு நகர்த்தினார். என்டரின் மேல் விரலை வைத்தார். ஒற்றை மயிர்த் தூரிகையால் கண் நரம்பு வரையும் கை அது, ஒருநாளும் தயங்கி நான் பார்த்ததில்லை. அன்று அந்த விரல் அழுத்தாமல் நின்றது.

“மச்சான், நீங்க பி-ன்னு எழுதினப்போ உள்ள எத்தனை டிஸ்க் இருந்துச்சு?”

“சின்னதைத் தவிர ஒண்ணுதான். அதான் பி. நேத்து வந்தது சி-யாத்தான இருக்கும், மாப்பிள்ளை.”

“அந்த எழுத்து டிஸ்கோட ஒட்டிக்கிட்டு வருமா? இல்ல, வரிசையில நிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறதா?”

குடிநீர் நிலையத்தில் மூன்றாம் தொட்டி என்றால் முப்பத்தாறு வருடமும் அது மூன்றாம் தொட்டிதான். பதிவேட்டில் ஏறிய பெயர் எழுந்து வேறு இடத்துக்குப் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நோட்டைப் பார்த்தேன். கோடு போட்ட வரி அப்படியே இருந்தது, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

“தெரியல” என்றேன். பதிவு விஷயத்தில் என் தங்கை என் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டிருப்பாள். கேலி செய்யாமல் நின்றாள்.

அவர் விரலை எடுக்கவும் பயந்தார். எடுக்கும்போது அழுந்திவிட்டால்? தங்கைதான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். பிறகு அவரே முறைப்படி பின்வாங்கி, பெட்டியை அணைத்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். மேலொன்று கீழொன்றாக இரண்டு டிஸ்க். எது எது என்று கடைக்காரர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது, தொலைபேசியையும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு டிஸ்கின் நெற்றியிலும் பொடி எழுத்தில் ஒரு வரிசை எண் இருந்தது. நான் குறித்துக்கொள்ளாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமை வந்த டிஸ்கின் அட்டைப்பெட்டி வீட்டில் இருக்கும், அதிலும் அதே எண் ஒட்டியிருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். தங்கை பழைய தாள்களோடு அதை வெளியே வைத்திருந்தாள். ஓடிப்போய் எடுத்து வந்தாள். எண்ணை நான் மூன்று முறை வாசித்தேன், அவர் டார்ச் பிடித்து மூன்று முறை பார்த்தார். கீழே இருந்தது காலி. அப்படியானால் மேலே இருப்பதில் கண்கள். அதன் இரண்டு கேபிளையும் உருவி, டிஸ்கைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தார்.

“இதை வெச்சுக்கிட்டு உக்காரு. எழுந்திரிக்காத.”

“தும்மல் வந்தா?”

“வராது” என்றார். கட்டளை போலத்தான் இருந்தது.

ஒரு பெரிய டிஸ்கோடு மட்டும் மறுபடி தொடங்கினோம். ஏ, பி, அவ்வளவுதான். என்டரை அழுத்தியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொரு நிமிடத்தில் லினக்ஸ் ஏறியது. பெட்டியை அணைத்து ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்டது. விண்டோஸும் வந்தது, லினக்ஸும் வந்தது. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. அதுவரை அசையாமல் இருந்த தங்கையின் மடியிலிருந்து டிஸ்கை வாங்கி, அணைத்த பெட்டியில் முன்பிருந்த இடத்திலேயே பொருத்தினார். லினக்ஸுக்குள் போய் டிஸ்க் பட்டியலை வரவழைத்தார்.

சி என்ற எழுத்துக்கு எதிரே லினக்ஸ் இருந்தது. பி என்ற எழுத்துக்கு எதிரே அறுநூற்றுப் பன்னிரண்டு கண்கள்.

காலையில் அவர் விரல் நின்ற இடம் எது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. நோட்டில் இருந்த அந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அன்று கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அவர் தையல்கார அம்மாவின் கோப்பைத் திறந்தார். திரை முழுவதும் ஒரு பழுப்புக் கண் வந்தது. அவர் அதைப் பார்த்தார், இன்னும் அருகில் போய்ப் பார்த்தார்.

“மச்சான், இதைத் தாள்ல எழுதிக்குங்க. இப்பவே.”

டிஸ்கிலிருந்து டிஸ்குக்குப் பிரதி எடுப்பதுதானே அடுத்த படி, அது தானாக நடந்துவிடுமே என்றேன். அதுவும் நடக்கட்டும், நீங்கள் எழுதுங்கள் என்றார். பிரதியை ஓடவிட்டுவிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பழுப்பு நாலு பங்கு, மஞ்சள் ஒன்று, கறுப்பு அரை. ஓரத்தில் சாம்பல் வளையம், மேலே தடிப்பு, கீழே மெலிவு. கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

“புள்ளிய எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“வாசிங்க.”

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு மணியில் விரல் நின்றது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பிறகு அந்தக் கோப்பை மூடிவிட்டு, வரிசையில் முதலில் இருந்த கண்ணைத் திறந்தார். நான் பக்கத்தைத் திருப்பி ஒன்று என்று எண் போட்டேன்.