மலைக்குப் பின்னால் மலபார்

விரல்கள் பழைய செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தன. கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. கத்தரித்த ஓரம் காய்ந்த பிறகு வர்ணத்துக்கு அடியில் கோடாகத் தெரியும். கிழித்த ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். இடது கை துண்டை வாங்கிப் பசையில் இரு பக்கமும் தோய்த்து, மூங்கில் சிம்புகளால் கட்டிய கூட்டின்மேல் படியவைத்தது. வலது கட்டைவிரல் அதை நீவி உள்ளிருந்த காற்றை வெளியேற்றியது. மைதாவில் காய்ச்சிய பசை இன்னும் வழவழப்பாக இருக்கும். ஆனால் மைதா கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்ததை மலைக்குப் பூசினால் வீட்டில் கேள்வி வரும். இது புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சியது. கரப்பான் தின்னாமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்திருந்தது.

மூங்கில் கூடு மேற்குத் தொடர்ச்சி மலை. கைகள் சாந்தோம் பியாட்ரிஸ் டீச்சருடையவை. அது 1946ஆம் வருஷம், மே மாதம்.

பியாட்ரிஸ் சரித்திரம் படித்து 1942இல் பி.ஏ. தேறியவள், மூன்றாம் வகுப்பில். அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மதராஸ் ரயிலேறிவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு யாராவது காரணம் கேட்டால் அதைச் சொல்லிவிடும்படி பங்குச் சாமியாரிலிருந்து பால்காரர் வரைக்கும் அவளுக்கு யோசனை சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. பரீட்சை நடந்தபோது ஊர் அமைதியாகத்தான் இருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. நடந்தது இதுதான்: ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். அவள் மூன்றுக்கு எழுதினாள். அந்த மூன்றிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டையும் படித்துப் பார்க்க நேரமில்லை.

அதன்பின் சாந்தோமிலேயே ஒரு பெண்கள் பள்ளியில், ட்ரெயினிங் இல்லாத டீச்சராகச் சேர்ந்தாள். வருஷா வருஷம் ட்ரெயினிங்குக்கு மனுப் போட்டாள். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவர்களுக்குப் போக மிச்சமிருந்தால் தெரிவிப்பதாகப் பதில் வரும். மிச்சம் இருந்ததில்லை. இந்த வருஷம் பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், ட்ரெயினிங் இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமை ஆசிரியை பியாட்ரிஸைக் கூப்பிட்டு, ஜூன் மாதம் அவள் ஒரு ட்ரெயினிங் காலேஜில் இருந்தால் வேலையை அவளுக்காகக் காலியாக வைத்திருக்கலாம் என்றும், இல்லாவிட்டால் ஜெபம் செய்வதாகவும் சொன்னார்.

ராயப்பேட்டையில் இருந்த பெண்கள் ட்ரெயினிங் காலேஜ் ஒன்று மட்டும் அந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்காரர்களையும் கூப்பிட்டிருந்தது. பள்ளியில் வேலை பார்த்த அனுபவம் இருக்க வேண்டும். மாதிரிப் பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு பாடம் நடத்திக்காட்ட வேண்டும். பாடத்துக்குரிய ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்து எடுத்துவர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பொருள் காலேஜிலேயே தங்கிவிடும். மற்றவர்கள் தங்களுடையதைத் திருப்பி எடுத்துப்போகலாம். அதனால் முடிவு தெரியக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசலில் யார் கையில் சுமை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

தென்னிந்தியாவை மேடும் பள்ளமுமாகச் செய்வது என்று பியாட்ரிஸ் முடிவு செய்ததற்குக் காரணம் அவர்கள் குடும்பம். அப்பா இக்னேஷியஸ் தபாலாபீஸில் வேலை பார்த்தார். ஆனால் பங்கில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர். கோவிலில் வருஷந்தோறும் பெத்லகேம் மலையை அவர்தான் எழுப்புவார். பியாட்ரிஸும் அண்ணன் வால்டரும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பேப்பர் கிழித்தவர்கள். குடிலுக்கென்று அவர்கள் வீட்டில் சில முறைகள் உண்டு. உயரமான மலை பின்னால், தரை முன்னால் சரிந்து வர வேண்டும். கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் குகை தெரிய வேண்டும். முன்பக்கத்தில் ஒரு கூழாங்கல் கூட இடம் மாறக்கூடாது.

அதன்படியே மேற்குத் தொடர்ச்சி மலை பின்னால் நின்றது. நிலம் கிழக்கே சரிந்து வந்து, முன்னால் வைத்த தகரத் தட்டில் முடிந்தது. தட்டுதான் வங்காள விரிகுடா. வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கும் என்று வால்டர் கேட்டான். பாடம் நடத்தும்போது மலையை நிஜ மேற்கில் திருப்பி வைத்து, பிள்ளைகளைக் கடல் பக்கம் உட்காரவைத்துவிட்டால் எல்லாத் திசையும் தானாகச் சரியாகிவிடும் என்று அவள் விளக்கினாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறுகளின் பள்ளத்தில் கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளை உருக்கி ஊற்றினாள். நீலகிரிக்குத் தெற்கே மலை விட்டுப்போகும் இடத்தில், பாலக்காட்டுக் கணவாயைச் சின்ன வாசல் போல அளந்து விட்டாள். வெயிலில் காயவைத்ததைப் பிற்பகல் கடற்காற்று எழும்பும் முன் உள்ளே தூக்கிவந்தாள். உப்புக்காற்று பட்டால் பசை இளகிவிடும்.

முடிந்ததும் இக்னேஷியஸ் அறையின் மறுகோடிக்குப் போய், கோவிலின் கடைசி வரிசையில் நிற்பது போல நின்று பார்த்தார்.

“மலை நல்லாக் கீது பாப்பா. ஏசுவைப் பாக்க மூணு ராஜாக்கள் எந்தப் பக்கமா எறங்கி வருவாங்க?”

“ராஜாக்கள் இல்லப்பா. காவேரி.”

அவர் ஒப்புக்கொண்டார். வால்டர் ஹார்பரில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. எதையும் திரும்பி வரும் சரக்காகவே பார்ப்பது அவன் பழக்கம்.

“எடம் கெடைக்கலன்னா அழாதே,” என்றான். “டிசம்பர்ல மாட்டுக் கொட்டாயை ஊட்டிமேல வெச்சிக்கலாம்.”

ட்ராமில் ஏற்ற கண்டக்டர் ஒப்பாததால் பீர் முஹம்மதின் கைரிக்‌ஷாவைப் பேசினார்கள். துணி போர்த்திய மலை இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டது. ஆகவே தென்னிந்தியா உட்கார்ந்து போயிற்று. பியாட்ரிஸ் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். கச்சேரி ரோட்டில் ஒருவர் நின்று, உள்ளே இருப்பது சாமியா என்று கேட்டார். லஸ் முனையில் வேறொருவர் கேட்காமலே கும்பிட்டார்.

“பெரிய மனுசன்தான் போல,” என்றார் பீர் முஹம்மது. “எனக்கு எல்லாரும் வழி வுடறாங்க.”

காலேஜ் வாசலில் ஒரு பெண் அட்டையில் ஒட்டிய பருத்திச் செடியோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். பியாட்ரிஸ் அந்தச் செடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

தேர்வு நடத்தியவர் சுந்தரவல்லி அம்மாள், அந்தக் காலேஜின் மூத்த விரிவுரையாளர். திருநெல்வேலிக்காரர். பேசும்போது குரலை உயர்த்தவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். மேஜை அறையின் நடுவில் போடப்பட்டிருந்தது. பியாட்ரிஸுக்கு அது சுவரை ஒட்டி இல்லாதது என்னவோ போலிருந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் சிறுமிகள் வந்துவிட்டார்கள்.

அவள் திசை பார்த்து மலையை வைத்து, பிள்ளைகளைக் கடல் பக்கம் உட்காரவைத்துப் பாடத்தைத் தொடங்கினாள். செம்பிலிருந்து குடகில் தண்ணீர் ஊற்றினாள். அது மெழுகின்மேல் வழுக்கிக்கொண்டு வளைந்து இறங்கி, திருச்சிராப்பள்ளியில் இரண்டாகப் பிரிந்து தட்டில் விழுந்தது. பிள்ளைகள் இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். பிறகு, மழைக் காற்று மேற்கே கடலிலிருந்து வருகிறது, மலை அதைத் தடுக்கிறது, இந்த ஒரு இடத்தில் மட்டும் காற்றுக்கும் ரயிலுக்கும் வழி விட்டிருக்கிறது என்று பாலக்காட்டுக் கணவாயைக் காட்டினாள். யாராவது எட்டிப் பார்க்கலாம் என்றாள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணவாய்க்குள் பார்த்தாள்.

“இன்னா தெரியுது?” என்றாள் பியாட்ரிஸ்.

“பேப்பர் கீது டீச்சர்.”

சிறுமி மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நாலைந்து பேர் அவள் பின்னால் போனார்கள். சுந்தரவல்லி அம்மாளும் போனார். அங்கே மலை இல்லை. மூங்கில் சிம்புகளும் கட்டுக் கயிறும், காய்ந்த பசையும் இருந்தன. ஒரு செய்தித்தாள் துண்டில், ஏதோ ஒரு ஊரில் அரிசி அளவு குறைக்கப்படும் என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள் ஒரு சிறுமி. எல்லாவற்றையும் தாங்கிய அடிப்பலகையே மலை உச்சியோடு வெட்டப்பட்டிருந்தது. அதற்கப்பால் வைக்க இடமும் இல்லை.

பியாட்ரிஸும் பின்னால் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இங்கே மலபார் இருக்கணும்,” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். “நிறைய மழை பெய்யுற ஊர். டீச்சர் செய்யாம விட்டுட்டேன்.”

மீதிப் பாடத்தைப் பிள்ளைகளைப் பின்பக்கத்தில் நிற்கவைத்தே நடத்தினாள். இல்லாத கடலிலிருந்து காற்று வந்து இல்லாத கரையில் மழை பெய்தது. பிள்ளைகள் போனதும் சுந்தரவல்லி அம்மாள் கேட்டார்.

“முன்னால தாமிரபரணிக்கு ஒவ்வொரு வளைவும் போட்டிருக்கீங்க. எங்க ஊர்ப் படித்துறை வளைவு கூட இருக்கு. பின்னால ஒண்ணுமே இல்லையே, ஏன்?”

“எங்க வீட்ல குடில் செய்யறவங்க மேடம். பின்பக்கம் சுவரோட போயிடும்.”

“யாரும் பார்க்க மாட்டாங்க.”

“ஆமா மேடம்.”

“பிள்ளைங்க பார்ப்பாங்க,” என்றார் சுந்தரவல்லி அம்மாள்.

அவர் கொஞ்ச நேரம் மலையைச் சுற்றி நடந்தார். பாடத்துக்கு மார்க் போட்டாகிவிட்டது, அதில் குறையில்லை என்றார். பொருளுக்கு இப்போதே மார்க் போட்டால் பாதிக்குத்தான் போட முடியும், பாதி போதாது. வரும் சனிக்கிழமைவரை தேர்வு இருக்கிறது. அதற்குள் முழுதாகக் கொண்டுவந்தால் முழுதாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

மலையைச் சுமந்துகொண்டு வந்தவளைப் பார்த்ததும் பீர் முஹம்மது பீடியை அணைத்தார்.

“வாணாம்னுட்டாங்களா டீச்சரம்மா?”

“பாதிதான் கொண்டு வந்திருக்கேனாம்.”

“பாதியா?” அவர் ரிக்‌ஷாவின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். “இஸ்துக்கினு வந்தவனைக் கேட்டா முழுசும்பான்.”

வீட்டில் விஷயம் தெரிந்ததும் இக்னேஷியஸ் வருத்தப்பட்டார். மலபாருக்காக அல்ல. மேஜையைச் சுவரோரம் போடாத காலேஜை எண்ணி. வால்டர் வேறு விதமாகச் சொன்னான்.

“பரீட்சை மாதிரியே பண்ணிக்கீற. பாத்த வரைக்கும் ஜோரு, மிச்சம் காலி.”

பியாட்ரிஸ் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி, அடிப்பக்கத்தையும் ஒரு தடவை தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் மாலை வால்டர் ஹார்பரிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியின் பலகையைக் கொண்டுவந்து கூடத்தில் சாத்தினான்.

“இந்தா, மலபார். கப்பல்ல வந்துச்சு.”

பலகையைப் பழையதோடு சேர்த்து அடியில் சட்டம் கொடுத்து அடித்தார்கள். இந்தத் தடவை அவள் மலையைத் திருப்பி வைத்துக்கொண்டு, மேற்கே உட்கார்ந்து வேலை செய்தாள். அந்தப் பக்கத்துச் சரிவு செங்குத்தானது. ஈரப் பேப்பர் நிற்காமல் வழுக்கியது. கோணியைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் பசையில் தோய்த்து முதலில் அதை ஒட்டினாள். அது பேப்பரைப் பிடித்துக்கொண்டது. குட்டையான ஆறுகளுக்கு மெழுகு ஊற்றினாள். கொச்சிக்கு உள்ளே உப்பங்கழிக் காயலைத் தோண்டினாள். கணவாயின் அந்தப் பக்கத்து வாசலைச் செதுக்கினாள். செய்தித்தாள் எழுத்து ஒன்றும் வெளியே தெரியவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல மறுகோடிக்குப் போனார். அங்கே நிற்க வேண்டாம், சுற்றி வரும்படி அவள் சொன்னாள். அவர் சுற்றி வந்தார். குடில் கட்டுகிற அத்தனை வருஷத்தில் ஒரு மலையைச் சுற்றி நடந்ததில்லை என்றும், கால் வலிப்பதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை அதே வழி, அதே ரிக்‌ஷா. லஸ் முனையில் கும்பிடுகிறவர் இல்லை. திரும்பி வருகிற சுமைக்கும் சேர்த்துக் கூலி பேசட்டுமா என்று பீர் முஹம்மது கேட்டார். அவர் வெளியே காத்திருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பியாட்ரிஸ் சொன்னாள்.

சுந்தரவல்லி அம்மாள் தாழ்வாரத்திலேயே எதிர்ப்பட்டார். மேஜைமேல் வைக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. அவள் இரண்டு கைகளிலும் ஏந்தி நிற்க, நேரே பின்பக்கத்துக்குப் போனார். குனிந்து ஒரு கண்ணை மூடி, மேற்கிலிருந்து கணவாய்க்குள் பார்த்தார். மறுபக்கம் பியாட்ரிஸின் ரவிக்கைப் பொத்தான் தெரிந்திருக்கும். காயலை விரலால் தொட்டார். பிறகு பலகையின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி அடியில் பார்த்தார். அடிப்பலகை முழுவதும் சாம்பல் வர்ணம் பூசியிருந்தது.

“கீழே எதுக்கு வர்ணம்?”

“பார்ப்பாங்களோன்னு, மேடம்.”

சுந்தரவல்லி அம்மாள் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கவாட்டில் வந்து நின்று, மலபார் பக்கம் ஒரு கையும் சோழமண்டலக் கரைப் பக்கம் ஒரு கையுமாகப் பலகைக்கு அடியில் கொடுத்தார்.

“விடுங்க,” என்றார். “நான் பிடிச்சுக்கிட்டேன்.”

பியாட்ரிஸ் கனம் அவர் கைக்கு மாறுகிறதா என்று பார்த்து, மாறிய பிறகு விட்டாள்.