கால்வாய் மண்ணில் வல்லாரை

கண்டியில் கால்வாயைத் துப்புரவாக்கி நடைபாதை போட்டபோது, அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்திருந்தார்கள். காய்ந்ததும் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. கணவர் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். கறுப்பு மண்ணைக் கண்டால் விடமாட்டார். கேட்டு இரண்டு சாக்கு கொண்டுவந்தார். பால்கனித் தொட்டிகளில் நான் வல்லாரை நட்டேன்.

அது செழித்து வளர்ந்தது. மூன்று மாதமாக நாலு வயது மகளுக்குச் சம்பல் செய்து சோற்றில் பிசைந்து கொடுத்தேன். கீரை தின்னும் பிள்ளை என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

போன ஞாயிறு அப்பா வந்தார். "மண்ணு எங்க எடுத்தீங்க?"

"கால்வாயில மாமா. சும்மா குடுத்தாங்க" என்றார் கணவர்.

"சும்மாவா? பதினெட்டு வருஷமா நான் ஊத்தினது மாப்பிள்ள."

முதலில் சிரித்தவர் அப்பாதான். முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

அப்பா கால்வாய் ஓரத்து பெட்டரிக் கடையில் வேலை செய்தார். பழைய பெட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்குவார்கள். கழுவிய தண்ணீரெல்லாம் கால்வாய்க்குப் போகும். வேலை முடிந்து வந்தவர் குளிக்கும்வரை என்னைத் தூக்க அம்மா விடமாட்டார். அசிட் பட்டு ஓட்டை விழுந்த அவருடைய சட்டைகளுக்குத் தனி பேசின். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஈயம் நஞ்சு என்று பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கரையில் பூச்செடியும் உட்கார வாங்கும் வந்ததும் பழையது போய்விட்டது என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லையா?

மகளைக் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் பயப்பட வேண்டாம் என்றார். இரத்தத்தைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். பயப்பட வேண்டாமென்றால் எதற்கு அனுப்ப வேண்டும்? முடிவு வர பத்து நாள். மகள் ஒரு வேளை சோறு வேண்டாமென்றாலும் அதுதானோ என்று பார்க்கிறேன்.

நேற்று அப்பா மறுபடி வந்து செடிகளைப் பிடுங்கி, மண்ணைச் சாக்கில் கட்டினார். கால்வாயிலேயே கொட்டிவிடலாம் என்றார் கணவர்.

"வேணாம்" என்றார் அப்பா. "இனியும் அதுல ஊத்தக் கூடாது."

எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாக்குகள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. யாரிடம் கேட்பது என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

நேற்று சாக்கைக் கட்டி முடித்ததும், தாத்தாவிடம் தூக்கச் சொல்லி மகள் கை நீட்டினாள். "இருடாம்மா" என்று அப்பா குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சவர்க்காரம் போட்டு, இரண்டு தடவை கழுவினார்.