தும்பிக்கையும் சாம்பிராணிச் சாம்பலும்

எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் அது நேராக என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கடைச் சீட்டு, அம்மாவின் மருந்து அட்டை, நைனா வேலை செய்யும் மாம்பழக் கூழ் கம்பெனியின் நோட்டீஸ், எல்லாம். அம்மாவும் நைனாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் டிகிரி முடித்தேன். தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் திருப்பதிக்குப் போய் ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் உட்காருகிறேன். வருகிறவர்களிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, பின்பக்கம் இருப்பதைப் படித்துவிட்டு வரச் சொல்வது என் வேலையில் பாதி. வெறும் வயிற்றோடு வரவேண்டும், நகையைக் கழற்றவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். படிக்காமல் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எழுதியிருப்பதைப் படிக்க இவ்வளவு சோம்பலா என்று மனதுக்குள் திட்டுவேன். சில நாள் வெளியிலும்.

இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. துடைப்பத்தை எடுத்தால் பாதி அறை பெருக்குவதற்குள் இருமல் வந்துவிடும். தூசி கிளம்பாமல் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் கையில் பிடிக்கும் அந்தச் சின்ன வாக்குவம் கிளீனரை வாங்கினேன். ஒயர் கிடையாது, சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஆங்கிலமும் இந்தியும் பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்திருந்தார்கள். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. நான் படம் போட்டிருந்த பக்கத்தை மட்டும் பார்த்தேன். எந்தப் பொத்தான், எங்கே சார்ஜர், அவ்வளவுதான். அம்மாவிடம் "இதை அமுக்கு, இழுக்கும். விடு, நின்னுடும். இதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்றேன். படித்தவள் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இருக்காது.

ஆனால் அம்மாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. விளக்கு வைத்தபின் வீட்டைப் பெருக்கக்கூடாது. சாமி அலமாரியிடம் துடைப்பத்தைக் கொண்டுபோகவே கூடாது. இந்த மெஷின் துடைப்பமா, இல்லையா?

"பெருக்கறதுக்குத்தான வாங்கனே? அப்போ தொடப்பந்தான்" என்றாள் அம்மா.

நைனா மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொடப்பம் தள்ளும். இது இழுக்குது. மூக்கால இழுக்கறது இன்னா? தும்பிக்கை. காணிப்பாக்கத்துப் புள்ளையாரு வூட்டுக்கே வந்துட்டாருன்னு வச்சிக்கோ."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து அதற்குத் தும்பிக்கை என்று பெயர். விளக்கு வைத்தபிறகும் அதை ஓட்டினாள். சாமி அலமாரிக்கும் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கொட்டாங்குச்சியை அடுப்பில் வைத்துக் கங்காக்கி, தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி வீடு முழுக்கப் புகை காட்டுவாள். டாக்டர் வேண்டாம் என்றதை அவள் கேட்டதாகவே காட்டிக்கொண்டதில்லை. புகை காட்டி முடித்து, தூபக்காலை அலமாரியில் வைத்துவிட்டு, சமையலை முடித்துக்கொண்டு வருவாள். அதற்குள் எல்லாம் சாம்பலாகியிருக்கும். முன்பெல்லாம் அந்தச் சாம்பலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துணியால் வழித்தெடுப்பாள், இருமிக்கொண்டே. இப்போது தும்பிக்கையை வைத்தால் ஒரே இழுப்பில் தூபக்கால் பளிச்சென்று ஆகிவிடுகிறது என்று எதிர்வீட்டு அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். நானும் அந்தப் பெருமையில் பங்கு எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா புகார் சொன்னாள்.

"பாப்பா, உன் தும்பிக்கைக்குச் சளி புடிச்சிக்கிச்சி. முன்னால இழுக்கற தூசியைப் பின்னால வுட்டுக்கினே கீது. ஒரு மாரி தீஞ்ச வாசனை வேற."

"மோட்டார் சூடாயிருக்கும்மா" என்றேன். எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன். பிறகு, "காலைல பஸ்ல அந்தப் பேப்பரைப் பாத்துச் சொல்றேன்" என்று காகிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பூதலப்பட்டு தாண்டியதும் காகிதத்தைப் பிரித்தேன். ஃபில்டரைப் பற்றித்தான் தேடினேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. ஃபில்டர் கிழிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ தூசி வெளியே வரும், அதை மாற்றாமல் மெஷினை ஓட்டாதீர்கள். அதன் கீழே, பாதுகாப்புக் குறிப்புகளுக்கு முதல் பக்கம் பார்க்கவும் என்று போட்டிருந்தது. முதல் பக்கத்துக்குப் போனேன். கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள். எரிகிற, புகைகிற எதையும் இதனால் இழுக்கக்கூடாது. தீக்குச்சி, சிகரெட், சூடான சாம்பல்.

சூடான சாம்பல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பஸ்ஸில் யாரோ கனகாம்பரம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் இன்று வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது.

மணி எட்டே கால். அம்மா எட்டு மணிக்குப் புகை காட்டுவாள். ஒன்பது, ஒன்பதேகாலுக்குத் தும்பிக்கையை எடுப்பாள். அந்த மெஷினின் வயிற்றில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தலைமுடி, போர்வையின் பஞ்சு, துணி போன்ற ஃபில்டர். கைப்பிடிக்குள் பேட்டரி. அதைப் பிடித்திருக்கும் கை அம்மாவுடையது. அலமாரி அவள் முகத்துக்கு நேராக இருக்கிறது. பக்கத்திலேயே எண்ணெய் பாட்டில், திரி, கற்பூரம். தீ பிடிக்க வேண்டாம், வெறும் புகை வந்தாலே போதும், அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று தெலுங்கில் ஒரு பெண் சொன்னாள். மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதே பெண். நைனாவுக்குச் செய்து பலனில்லை. மாம்பழ சீசனில் கம்பெனி கேட்டிலேயே எல்லார் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்குச் செய்தேன். அவர்கள் குடும்பத்தோடு காணிப்பாக்கம் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவின் நம்பரை நான் வாங்கியே வைத்திருக்கவில்லை.

எழுந்து கண்டக்டரிடம் போய் இறங்கவேண்டும் என்றேன். திருப்பதிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு இந்தப் பொட்டல் காட்டில் இறங்குவதா என்று அவர் தெலுங்கில் சத்தம் போட்டார். "இன்ட்லோ அம்மா ஒக்கத்தே உந்தி, அன்னா" என்றேன். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள் என்றதும் அவர் விசிலை ஊதினார்.

ரோட்டைக் கடந்து நின்றேன். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து வரமுடியாது என்றேன். காரணம் கேட்டார்கள், போனை வைத்துவிட்டேன். சித்தூர் பஸ் ஒன்று நிற்காமல் போனது. பத்து நிமிடம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. வழியெல்லாம் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு டிராக்டருக்குப் பின்னாலும் ஆட்டோ தவம் கிடந்தது. நான் அந்தக் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டி மடித்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்று நான் அம்மாவிடம் சொன்ன குரல் என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவுக்குள் ஓடும்போது ஒன்பதரை. மாடிப்படியிலேயே புகை வாசனை அடித்தது. கால் தடுக்கியது. மூன்றாவது படியில்தான் அது சாம்பிராணி வாசனை என்று புரிந்தது.

கதவு திறந்திருந்தது. அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இந்நேரத்துல? வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்களா?"

"மெஷின் எங்கேம்மா?"

"அத்தக் கேக்கறதுக்கா திருப்பதிக்குப் போய்க்கினு இருந்தவ திரும்பி வந்தே? அதோ கெடக்குது பாரு பொணமாட்டம். நீ படி எறங்கனதும் அதையும் போனையும் சார்ஜு போட்டேன். நீ தெருமொனை தாண்டல, கரண்டு பூட்ச்சி. போனும் செத்துப்போச்சி. இத்த அமுக்கனா செவப்பு லைட்டு கண்ணடிக்குது. அமுக்கிப் பாக்கறேன், அமுக்கிப் பாக்கறேன், கண்ணடிச்சிக்கினே கீது. நல்ல மெஷின் வாங்கனே போ."

நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர். வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்ட் ஆபீஸ்காரர்களை மனதார வாழ்த்தினேன்.

"எதுக்குடி அழுவுற? யாராவது இன்னாவது சொன்னாங்களா?"

எழுந்து தூபக்காலைப் பார்த்தேன். வெள்ளைச் சாம்பல், அசையாமல், பால்கோவா பொடித்துப் போட்டதுபோல் கிடந்தது. ஒரு ஸ்பூனை எடுத்துக் கிளறினேன். அடியில் புளியங்கொட்டை அளவில் இரண்டு கங்குகள் சிவந்து கண்விழித்தன. சாம்பிராணி போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மாவின் கையிலிருந்த அட்டை நின்றது. "அய்யய்யோ. இன்னமுமா கீது?"

மெஷினின் வயிற்றைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் கொட்டி, ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் கடுகளவு ஓட்டை. சுற்றிலும் பழுப்பாகக் கருகியிருந்தது. அம்மா சொன்ன சளியும் தீய்ந்த வாசனையும் இதுதான். போன வெள்ளிக்கிழமை ஒரு கங்கு உள்ளே போயிருக்கிறது. போய், ஃபில்டரை இவ்வளவு மட்டும் தின்றுவிட்டு, தானாக அணைந்திருக்கிறது.

அம்மா அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேப்பர்ல இத்த எழுதிக் கீதா?"

"எழுதியிருக்கும்மா. மொதப் பக்கத்துலயே."

"நீ படிக்கலியா?"

"படிக்கல."

எங்கள் வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தூபக்காலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. "சரி, ஏதாவது துன்னியா?" என்றாள்.

அன்று சாயங்காலம் நைனா வந்ததும் அந்தக் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். இருவரும் முறம்போல் காதை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"பிரஷ் சுத்தும்போது வெரலை வைக்கக்கூடாது. முடி சிக்கினா ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

நைனா மெதுவாக வலதுகையை மடிக்குள் விட்டுக்கொண்டார்.

"நைனா?"

"ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுத்தேன்னு நெனைக்கறேன்."

"ஈரத்தை இழுக்கக்கூடாது. தண்ணி, பால், எதுவும்."

அம்மா எதையோ யோசித்தாள். "முந்தாநாளு ரசம் கொட்டிச்சே..."

"அம்மா!"

"இல்லடி. நெனைச்சேன். செய்யல."

அதோடு வந்த சார்ஜரைத்தான் போடவேண்டும், வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, கழுவிய ஃபில்டர் நன்றாகக் காயாமல் திரும்ப மாட்டக்கூடாது என்று வரிசையாகப் படித்தேன். சாம்பல் விஷயம் வந்ததும் நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கம்பெனியில் பாய்லர் பக்கம்தான் வேலை.

"சாம்பல்லாம் சட்டுனு ஆறாது. நாங்க தண்ணி தெளிச்சி, மறுநாளுதான் அள்ளுவோம்."

"இதத் தெரிஞ்சிக்கினா வாயைத் தொறக்காம இருந்தே?" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் புள்ளையாரு தும்பிக்கையால கங்கு துன்ன வைக்கறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? நான் வேலைக்குப் போயிடறேன்."

"தும்பிக்கைன்னு பேரு வச்சது யாரு?"

நைனா என்னைப் பார்த்து, "அந்த மொதப் பக்கத்தை இன்னொரு தபா படி பாப்பா" என்றார். படித்தேன். எதிர்வீட்டு அக்காவின் நம்பரையும் அன்றே வாங்கிப் போனில் ஏற்றிக்கொண்டேன்.

புது ஃபில்டர் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் முன்மேசையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"பாப்பா, சாம்பல்ல தண்ணி ஊத்திச் செடிக்குக் கொட்டிட்டேன். தூபக்காலைக் கழுவிக் கவுத்துட்டேன். அலமாரியை ஈரத்துணியால தொடச்சி, காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பாத்துட்டேன். இப்ப கட்டிலு கீழ தூசி மட்டுந்தான் கீது. போடட்டா?"

"போடும்மா."

அவள் போனை வைக்கவில்லை. எங்கேயோ தரையில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மெஷின் உய்யென்று இழுக்கும் சத்தம் கேட்டது. எதிரே ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். கட்டிலுக்குக் கீழே குனிந்தால் அம்மாவுக்கு எப்போதும் இருமல் வரும். காதை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மெஷின் நின்றது. அம்மா ஒருமுறை தொண்டையைச் செருமினாள். பிறகு கட்டிலைத் தள்ளும் சத்தம் கேட்டது. இருமல் வரவில்லை.

பெரியவரின் சீட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தை அவருக்கு நானே படித்துச் சொன்னேன்.